பிரசவத்தோடு முடியும் பராமரிப்பு

ஆசிரியருக்கு,

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். என் மகள் வசிப்பது கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் வீடு நகரின் வடக்கே. கர்ப்பகாலம் முழுக்க அவளைப் பார்த்தவர் ஒரே குடும்பநல உத்தியோகத்தர், அதாவது அந்தப் பகுதி மருத்துவிச்சி. கால் வீக்கத்தை முதலில் கவனித்து, பிரஷர் பார்க்க அனுப்பியதும் அவர்தான். தங்கமான பிள்ளை.

பிரசவத்துக்குப் பின் மகள் எங்களிடம் வந்துவிட்டாள். பகுதி மாறியதும் தொடர்பு அறுந்தது. பிரசவித்த முதல் 10 நாட்களுக்குள் குறைந்தது இரண்டு தடவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது நம் நாட்டு முறை. ஒருவரும் வரவில்லை. பால் கட்டி, மார்பு கல்லாய் இறுகி, காய்ச்சலில் அனுங்கினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சரக்குக்கறியும் வெந்நீர் ஒத்தடமும்தான். கடைசியில் வெள்ளவத்தை உத்தியோகத்தரே தொலைபேசியில், பிள்ளையை எப்படிப் பிடிப்பது, பாலை எப்படிக் கையால் பீச்சுவது என்று பொறுமையாகச் சொன்னார், தமிழில். அவள் அழுதபடியே கேட்டுச் செய்தாள். தெரிந்த குரல் என்பதால்தான் கேட்டாள்.

பகுதிவாரியாக மக்கள் நலம் பார்க்கும் முதல் சுகாதாரப் பிரிவை 1926இலேயே களுத்துறையில் தொடங்கிய நாடு இது. கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பின்வரை தெரிந்த மருத்துவிச்சியின் தொடர் பராமரிப்பை உலக சுகாதார நிறுவனமும் 2016இல் பரிந்துரைத்தது. எல்லாவற்றையும் உடனே கேட்கவில்லை. தாய் எந்த முகவரிக்குப் போகிறாள் என்று வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே கேட்டு, அந்தப் பகுதி உத்தியோகத்தருக்கு அன்றே அறிவியுங்கள். பழைய உத்தியோகத்தர் அவரோடு ஒருமுறை பேசட்டும். தமிழ்த் தாய்மாருக்குத் தமிழ் தெரிந்தவரை அனுப்புங்கள்.

ஒரு தாய்,
கொழும்பு