எலைசா ஹிக்கின்ஸைக் கட்டிக்கொள்ளவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். கடைசியில் பூக்காரி எலைசாவும், அவளுக்கு உச்சரிப்பு கற்றுக்கொடுத்த பேராசிரியர் ஹிக்கின்ஸும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று போட்டிருக்கிறீர்கள். நாடகத்தில் அப்படி இல்லை. பல வருஷம் கல்லூரியில் இதைப் பாடம் நடத்தியவள், மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

குழப்பம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. 1914-இல் லண்டன் மேடையில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, திரை விழுவதற்குள் எலைசாவுக்குப் பூக்களை வீசிக் காதலாக்கிவிட்டார். ஷாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 1916-இல் புத்தகம் வந்தபோது, எலைசா தன்மேல் ஆசைப்பட்ட இளைஞன் ஃபிரெடியைக் கட்டிக்கொண்டு பூக்கடை வைத்தாள் என்று பின்னுரையே சேர்த்தார். அப்படியும் 1938 திரைப்படம் அவளை ஹிக்கின்ஸிடமே திருப்பி அனுப்பியது.

என் மாணவிகள் விழுந்து விழுந்து சிரித்த இடம் மூன்றாம் அங்கம். ஹிக்கின்ஸின் அம்மா வீட்டில் விருந்தாளிகள். வானிலை, உடல்நலம் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்பது எலைசாவுக்குக் கட்டளை. அவளும் மணிமணியான உச்சரிப்பில், "அத்தை காய்ச்சலில் செத்ததாகச் சொல்கிறார்கள், எனக்கு வரவேண்டிய வைக்கோல் தொப்பியைத் திருடியவர்கள்தான் தீர்த்துக்கட்டியிருப்பார்கள்" என்கிற ரீதியில் பேசுகிறாள். உச்சரிப்பு சீமாட்டியுடையது, சங்கதி அவள் வளர்ந்த சந்தினுடையது. கிளம்பும்போது, கௌரவமான பெண்கள் வாயில் வரக் கூடாத 'ப்ளடி' என்ற சொல்லையும் உதிர்க்கிறாள். விருந்துக்கு வந்த கிளாரா, இதுதான் புது நாகரிகம் போலிருக்கிறது என்று நம்பி, தானும் அதையே சொல்லிப் பார்க்கிறாள். லண்டனின் கோவெண்ட் கார்டன் சந்தையில் பூக்கூடையோடு நின்ற எலைசா அதைச் சொல்லியிருந்தால் கிளாரா முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள்.

அப்புறம் நான்காம் அங்கம். பூக்காரியைச் சீமாட்டியாக நம்பவைத்துக் காட்டுகிறேன் என்று கட்டிய பந்தயத்தில் ஜெயித்த இரவு, ஹிக்கின்ஸ் வீட்டுச் செருப்பைத் தேடுகிறார். எலைசா அதை எடுத்து அவர்மீதே எறிகிறாள். இனி நான் எதற்கு லாயக்கு, எங்கே போவேன் என்று கேட்கிறாள். பூ விற்கவும் முடியாது, சீமாட்டியாக வாழக் காசும் கிடையாது. கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்தால் இந்தக் கேள்வியே காணாமல் போய்விடுகிறது. 1916 பதிப்பில் நாடகத்தின் முடிவில், கையுறையும் டையும் வாங்கிவரச் சொல்லும் ஹிக்கின்ஸிடம் "நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் உங்கள் இதழைப் புரட்டுகிறார்கள். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருச்சி