தகுதித் தேர்வும் கேரளத் தமிழ்வழிப் பள்ளிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் எனப்படும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றிய பேச்சை மட்டும் காணோம்.

நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் அமர்வின் தீர்ப்புப்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போரில் ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும். தவறினால் பணியை விட்டு விலக வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளின் விஷயம் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

தகுதியுள்ள ஆசிரியர் வேண்டும் என்பதில் பெற்றோராகிய எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு எவரும் போதும் என்று நினைத்த காலம் போதும். ஆனால், ஆசிரியர் தகுதியை 23-ஆம் பிரிவில் வலியுறுத்தும் அதே 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று 29-ஆம் பிரிவில் சொல்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யும்படி அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் மாநிலங்களைப் பணிக்கிறது. முதல் பிரிவை நிறைவேற்றும் வேகத்தில் மற்ற இரண்டும் எங்கள் மலையில் காணாமல் போய்விடக் கூடாது.

கேரளத்தின் கே-டெட் தேர்வில் மொழிப் பாடமாகத் தமிழை எடுக்கலாம். படிப்பதற்குத்தான் வழியில்லை. கடையில் கிடைக்கும் தமிழ் வழிகாட்டி நூல்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டியவை; கேரளத் தேர்வுக்கான நூல்களும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கின்றன. எங்கள் எஸ்டேட் பள்ளியில் ஒரே டீச்சர் கரும்பலகையின் நடுவே சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புக்கு உயிர்மெய்யும் அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தலும் எழுதுகிறார். லயத்துக்கு, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசை வீட்டுக்கு, திரும்பிய பிறகுதான் அவர் தேர்வுக்குப் படிக்க முடியும். அத்தனை ஆண்டு அனுபவத்துக்கு இப்படி ஒரு சோதனையா என்று சக பெற்றோர் ஆதங்கப்படுகிறார்கள். அதில் நியாயம் இருந்தாலும், ஆதங்கத்தால் கெடு நீளாது.

தமிழ்நாடு அரசு மறுசீராய்வு மனு தாக்கல் செய்ததுடன், பணியில் உள்ளவர்களுக்கெனச் சிறப்புத் தேர்வுகளையும் அறிவித்தது. கேரளக் கல்வித் துறை, மூன்று தாலுகாக்களிலும் தேர்வெழுத வேண்டிய தமிழ்வழி ஆசிரியர்களைக் கணக்கெடுத்து, கேரளப் பாடத்திட்டத்தை ஒட்டிய தமிழ்ப் பயிற்சி ஏடுகளை அச்சிட்டு, கோடை விடுமுறையில் மூணாற்றிலும் சித்தூரிலும் வகுப்பு நடத்த வேண்டும். தேறாமல் எவரேனும் விலக நேர்ந்தால், அந்த இடத்துக்குத் தமிழ் தெரியாத ஒருவரை மாற்றலில் அனுப்பிக் கணக்கை நேர் செய்துவிடாமல், தமிழ்வழிக்கென பி.எஸ்.சி. எனப்படும் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் தரவரிசைப் பட்டியலிலிருந்தே நியமிப்போம் என்று எழுத்துப்பூர்வமாக இப்போதே உறுதி அளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவர்,
மூணாறு, இடுக்கி மாவட்டம்.