மூக்கில் கதவுள்ள வண்டி

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குன்னூரில் மூன்று நாளாக மூடுபனி. ஷெட்டுக்குள் பகலிலேயே லைட்டைப் போட்டுத்தான் வேலை நடக்கிறது. அங்கே குளிர் எப்படி? காலில் சாக்ஸ் போட்டுக்கொள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படு.

பார்சல் வந்தது. படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று. "இது காரா, கோழிமுட்டையா?" என்று டீக்கடை அண்ணன் கேட்டார். நான் விடுவேனா! அது இசெட்டா, 1953-இல் இத்தாலியில் ஐசோ கம்பெனி செய்தது, அதற்கு முன்னால் அவர்கள் ஃப்ரிட்ஜ் செய்தவர்கள், அதனால்தானோ என்னவோ ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரே கதவை முன்பக்கம் வைத்துவிட்டார்கள், கதவைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே வெளியே வரும் என்று அவர் டீ ஆறும்வரை சொன்னேன். என் மகள் பெயின்டர் என்றால் இங்கே எந்த ஒர்க்‌ஷாப் என்றுதான் கேட்கிறார்கள். ரோமில் என்றதும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

பூச்சு பெயர்ந்த அந்தக் காவிச் சுவரும், மழையில் நனைந்த சதுரக் கருங்கல் தெருவும் நன்றாக வந்திருக்கின்றன. ஹெட்லைட் வளையத்தில் துருவைக்கூட விடவில்லை நீ. ஆனால் மெக்கானிக் கண்ணுக்கு ஒரு குறை. வண்டியின் மூக்கு சுவரை ஒட்டி நிற்கிறது. கதவே மூக்கில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவர் எப்படி இறங்குவார்? கூரை துணிதான், அவசரத்துக்கு அதைத் திறந்து ஏறி வரலாம். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டுகிறது. போன வருடம் நீ அனுப்பிய பியட் 500 இப்படி இல்லை. தெருவைப் பார்த்து நின்றது, மேலே கொடியில் இரண்டு சட்டை காய்ந்தது.

பார்சல் மேல் அனுப்புநர் முகவரி வேறு தெருவாக இருந்தது. கூரியர்காரர்கள் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அந்த அட்டையை வெட்டி எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பார்த்தால் சொல்.

ஆறு வாரமாக ஒரு போன் இல்லை. படம் மட்டும் வருகிறது. படத்துக்கு வாய் இருக்கிறதா? பெரிய ஆளாகிவிட்டாய், சரி. ராத்திரி சாப்பிடுகிறாயா இல்லையா?

இன்னொன்று சொல்ல வேண்டும். நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நீ ஷெட் சுவரில் வரைந்தாயே, ஒன்பதாவது படிக்கும்போது. டார்ச் பேட்டரியை உடைத்தெடுத்த கரிக்குச்சியும் என் கிரீஸ் டப்பாவும்தான் உனக்குக் கலர். இரண்டு மட்கார்டும் பானெட்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறக்குமே, அதை அப்படியே போட்டிருந்தாய். கீல் இருக்கிற இடம்கூடச் சரி. வீட்டுக்காரர் சொல்லித்தான் சுண்ணாம்பு அடித்தேன் என்று உன்னிடம் சொன்னேன். அவர் சொல்லவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள், சுவரெல்லாம் கரி, பெண்ணுக்கு இதுதான் வேலையா என்று கேட்டால் என்ன செய்வது என்று நான்தான் விடிகாலையில் எழுந்து அடித்தேன். ஒரு கோட் அடித்ததில் போகவில்லை, கிரீஸ் சுண்ணாம்பைப் பிடிக்காது. மூன்று கோட் அடித்தேன். அவர்கள் ஷெட் பக்கமே வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து வர்க்கியும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

அந்தச் சம்பந்தத்துக்கு அவசரப்பட்டதும் நான்தான். அம்மா கொஞ்சம் பொறுக்கலாம் என்றாள்.

சரி, அதை விடு. லீவு கிடைத்தால் வா. லீவு இல்லாவிட்டாலும் வா. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு எந்த நேரத்தில் இறங்கினாலும் நான் வருகிறேன், டாக்ஸி பிடிக்காதே. மேட்டுப்பாளையத்துக்கு மேலே 14 கொண்டை ஊசி வளைவுதானே, இரண்டாம் கியரில் மெதுவாக ஏறிவிடலாம். பனியாக இருந்தால் பர்லியாரில் நிறுத்தி டீ குடிக்கலாம். எத்தனை பெட்டி என்று மட்டும் முன்கூட்டியே சொல். டிக்கி முழுக்க ஸ்பேர் சாமான், காலி செய்து வைக்க வேண்டும்.

சாக்ஸ் போட்டுக்கொள்.

அப்பா