டக்கார் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்கு ஆப்பிரிக்கா என்றாலே பலர் தயங்குகிறார்கள். செனகலின் துறைமுகத் தலைநகரான டக்கார் அவசியம் பார்க்க வேண்டிய ஊர். முன்னேற்பாடுதான் முக்கியம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு 10 நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால், விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

துறைமுகத்திலிருந்து கோரே தீவுக்குப் படகில் 20 நிமிடம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், அடிமை வணிகத்தை நினைவூட்டும் அருங்காட்சியகமான 'அடிமைகள் இல்லம்' அன்று திறக்காது. அடிமைகளைக் கப்பலேற்றியதாகச் சொல்லப்படும், கடலை நோக்கிய அதன் குறுகிய வாசலைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. தீவில் கார்களே கிடையாது, நிதானமாக நடக்கலாம்.

நகருக்கு வடகிழக்கே உள்ள ரெட்பா ஏரியின் இளஞ்சிவப்பை நம்பிப் போய் ஏமாறுவோர் உண்டு. உப்பில் வாழும் ஒரு நுண்பாசிதான் அந்த நிறத்தைத் தருகிறது. மழை நீர் கலந்து உப்பு குறைந்தால் நிறமும் போய்விடும். 2022 வெள்ளத்தில் அப்படித்தான் ஆனது. நவம்பருக்குப் பின், வறண்ட மாதங்களில், நல்ல வெயிலில் போங்கள். அப்போதும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

மஞ்சள் கறுப்பு டாக்சிகளில் மீட்டர் இல்லை. ஏறும் முன்பே கட்டணம் பேசி முடியுங்கள். மதியம் மீனும் குருணை அரிசியும் சேர்த்துச் சமைக்கும் செபுஜென் சாப்பிடுங்கள். அந்தக் குருணையில் கணிசமான பங்கு இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது.

வாசகர், சென்னை