குரலுக்குப் பின்னால் வந்த கரடி

மாட்டுங்கா, மும்பை

அன்பு நண்பர் சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் சொந்தக் கையெழுத்திலேயே பக்கம் பக்கமாக எழுதும் அளவுக்குத் தேறிவிட்டீர்கள் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் பக்கம் சொல்லும்படியான சங்கதி எதுவும் இல்லை. மழை ஓய்ந்துவிட்டது, முழங்கால் வலி ஓயவில்லை. ஆகவே நீங்கள் கேட்ட விஷயத்துக்கு நேரே வந்துவிடுகிறேன்.

பேத்தியோடு உட்கார்ந்து டிஸ்னியின் 'தி ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்தைப் பார்த்ததாகவும், கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டர்களில் வாயசைவுக்குக் குரலைப் பொருத்தியே காலம் கழித்த உங்களுக்கே அந்தக் கரடியின் வாயும் பேச்சும் அப்படி ஒட்டிக்கொண்டிருப்பது வியப்பாக இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். காரணம் எளியது: அங்கே குரல்தான் முந்தி. நடிகர்கள் பேசியும் பாடியும் ஒலிப்பதிவை முடித்த பிறகு, எந்த ஒலி எத்தனை ஃபிரேம் நீள்கிறது என்று அட்டவணை எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் ஓவியர்கள் வரைவார்கள். ஆனால் இந்தப் படத்தில் குரல்கள் உதடுகளை மட்டும் அசைக்கவில்லை, கதையையே இழுத்துக்கொண்டு போயின. அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை.

முதலில் இந்தக் கதையைப் படமாக்க எழுதியவர் பில் பீட் என்ற மூத்த கதை ஓவியர். அவர் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் மூலக் கதைகளை ஒட்டி, இருண்ட, பயமூட்டும் கதையாக அதை அமைத்தார். டெர்ரி கில்கிசன் அதற்கு ஏற்ற கனமான பாடல்களை எழுதினார். வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் மனத்தாங்கல் முற்றி, பீட் ஸ்டுடியோவை விட்டே போய்விட்டார். அடுத்துக் கதைப் பொறுப்பேற்ற லாரி கிளெமன்ஸிடம் டிஸ்னி மூலப் புத்தகத்தைக் கொடுத்து, முதல் வேலையாக இதைப் படிக்காமல் இருக்கவேண்டும் என்று சொன்னாராம். பாடல்களும் ஒன்று தவிர எல்லாம் கழிக்கப்பட்டு, 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்த ஷெர்மன் சகோதரர்களிடம் புதிதாக எழுதும் வேலை போயிற்று. கில்கிசன் எழுதியவற்றில் தப்பிப் பிழைத்த அந்த ஒன்றுதான் கரடி பாடும் 'தி பேர் நெசசிட்டீஸ்'. பிறகு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் அதுவே என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இப்போது கரடிக்கு வருவோம். பாலு என்ற அந்தக் கரடிக்கு ஆரம்பத்தில் பெரிய வேலை எதுவும் இல்லை. ஓரிரு இடங்களில் தலைகாட்டிப் போகவேண்டிய பாத்திரம். பில் ஹாரிஸ் என்ற வானொலி நகைச்சுவை நடிகரும் இசைக்குழுத் தலைவருமானவரை அதற்குப் பேசவைக்கலாம் என்று டிஸ்னி சொன்னபோது, கிப்ளிங் கதைக்குள் இரவு விடுதி மேடைக் குரலா என்று ஸ்டுடியோவில் சிலர் முகம் சுளித்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த ஹாரிஸுக்கு எழுதிக்கொடுத்த வசனம் விறைப்பாகப் பட்டது. தன் போக்கில் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டு, பேசியும் காட்டினார். அந்தப் பதிவைக் கேட்ட பிறகு பாலுவை ஓரமாக நிறுத்திவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. காட்டில் வளரும் பையன் மௌக்லிக்கும் கரடிக்கும் உள்ள பாசமே படத்தின் முதுகெலும்பாயிற்று. ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் அந்தப் பாசத்தை வரைந்த விதத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். அந்தக் குரலை ஸ்டுடியோ அதோடு விட்டுவிடவில்லை. 1970-இல் ஒரு பூனைக்கும், 1973-இல் 'ராபின் ஹூட்' படத்தில் மறுபடி ஒரு கரடிக்கும் ஹாரிஸே பேசினார். அந்த இரண்டாம் கரடியின் ஆட்டத்தில் சில இடங்கள் பாலுவுக்காக வரைந்த அசைவுகளையே மறுபடி எடுத்து வரைந்தவை. பேத்தியோடு அந்தப் படத்தையும் பாருங்கள், உங்கள் கண் பிடித்துவிடும்.

குரங்கரசன் லூயியின் கதை இன்னும் வேடிக்கையானது. கிப்ளிங்கின் குரங்குக் கூட்டத்துக்கு அரசனே கிடையாது. லூயியோ ஓராங்குட்டான், போர்னியோவிலும் சுமத்ராவிலும் வாழும் இனம். நம் நாட்டில் வாலில்லாக் குரங்கு என்றால் வடகிழக்கில் உள்ள ஹூலாக் கிப்பன்தான். லூயி பிரிமா என்ற ஜாஸ் பாடகரின் குரலுக்கு ஒரு இருக்கை வேண்டியிருந்தது, ஆகவே அரசன் பிறந்தான். பிரிமாவும் அவருடைய குழுவினரும் மேடையில் வரிசையாக ஆடியபடி வாசித்துச் செல்லும் பாணியைப் பார்த்துத்தான் குரங்குகளின் ஊர்வலத்தை வரைந்தார்கள். அர்த்தமில்லாத ஒலிகளால் அவரும் ஹாரிஸும் மாறி மாறிப் பாடிக்கொள்ளும் இடத்தில் இருவரும் ஒரே மைக் முன்னால் நின்று போட்டிபோட்டது போலத் தோன்றும். உண்மையில் தனித்தனியே பாடிப் பதிவு செய்து சேர்த்தார்கள். படத்துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் போட்டுத் துண்டு துண்டாகப் பேசவைத்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

புலி ஷேர் கானை வரைந்தவர் மில்ட் கால். குரல் ஜார்ஜ் சாண்டர்ஸ். உரத்துப் பேசாமலே எதிராளியை அவமதிக்கும் சாண்டர்ஸின் அலட்சியத்தை மில்ட் கால் அந்தப் புலியின் புருவத்திலும் தாடையிலும் கொண்டுவந்து வைத்தார். 78 நிமிடப் படத்தில் பாதி கடந்த பிறகே புலி முகம் காட்டுகிறது. அதுவரை பெயரைச் சொல்லியே பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு நேரம் காத்திருந்தது வீண் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம் அந்தக் குரல்தான். கழுகுகளின் தலைமுடியையும் பேச்சு வாடையையும் கவனித்திருப்பீர்கள். பீட்டில்ஸ் குழுவை மனத்தில் வைத்துச் செய்தது. ஆனால் அவற்றின் பாட்டை அன்றைய ராக் பாணியில் அமைத்தால் படம் சீக்கிரம் பழசாகிவிடும் என்று டிஸ்னி தடுத்து, நால்வர் கூடிப் பாடும் பழைய பாணிக்கு மாற்றினார்.

மௌக்லிக்கு முதலில் பேசிய சிறுவனுக்குப் பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. இயக்குநர் வுல்ஃப்காங் ரைதர்மன் தன் மகன் புரூஸையே பேசவைத்தார். அந்தப் பையன் பிற்காலத்தில் காட்டுயிர்ப் படங்கள் எடுப்பவராக ஆனார்.

இன்னொரு குரலைச் சொல்லாமல் விட மனம் இல்லை. யானைக் கூட்டத்தின் தலைவர் கர்னல் ஹாத்தியை அடக்கிவைக்கும் மனைவி யானைக்குப் பேசியவர் வெர்னா ஃபெல்டன். 1941-இல் 'டம்போ' படத்தில் யானைக் கூட்டத்தின் தலைவியாக டிஸ்னிக்குப் பேசத் தொடங்கியவர், கடைசியாகப் பேசியதும் யானைக்கே. 1966 டிசம்பர் 14 அன்று அவர் காலமானார். மறுநாள் வால்ட் டிஸ்னி. படம் 1967 அக்டோபரில்தான் வெளியாயிற்று, ஆகவே இருவருமே முழுப் படத்தையும் பார்க்கவில்லை.

படத்தில் தெரிவதாக நீங்கள் எழுதிய அந்தப் பென்சில் கோட்டுச் சொரசொரப்பு அச்சுக் கோளாறு அல்ல. முன்பெல்லாம் பெண் கலைஞர்கள் ஓவியரின் கோடுகளை மையால் செல்லுலாய்டு தாளில் பிரதி எடுப்பார்கள். 1961-இல் வந்த டால்மேஷன் நாய்களின் படத்திலிருந்து ஜெராக்ஸ் முறை முழுமையாகப் புகுந்து, பென்சில் கோடு அப்படியே தாளில் ஏறத் தொடங்கியது. செலவு குறைந்தது, வழவழப்பு போயிற்று. எனக்கென்னவோ கரடியின் ரோமத்துக்கு அந்தச் சொரசொரப்பே பொருத்தமாகப் படுகிறது.

மூலக் கதையை எழுதிய கிப்ளிங் 1865-இல் பிறந்தது எங்கள் ஊரில், ஜே.ஜே. கலைப்பள்ளி வளாகத்தில்தான். அவருடைய தந்தை அங்கே சிற்பம் கற்பித்தார். கிராஃபோர்ட் மார்க்கெட் முகப்பில் உள்ள புடைப்புச் சிற்பங்கள் தந்தையின் கைவேலை. மகன் இந்தக் காட்டுக் கதைகளை எழுதியதோ அமெரிக்காவின் வெர்மான்ட் குளிரில். அந்தக் கதையில் மலைப்பாம்பு கா மௌக்லிக்கு நண்பன், படத்தில் வில்லனாக்கிவிட்டார்கள். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. கதைக் கட்டு தளர்வானது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து பாடிவிட்டுப் போகின்றன. பீட் எழுதிய படம் வந்திருந்தால் கதை இன்னும் இறுக்கமாக இருந்திருக்கலாம், ஆனால் ஹாரிஸின் பாலு அதில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இத்தனை ஆண்டு டப்பிங் அனுபவத்தில், ஒரு கலைஞர் பேசிய விதம் பிடித்துப்போய், அதற்காகவே இயக்குநர் காட்சியை மறுபடி வெட்டியதோ நீட்டியதோ உண்டா? பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால் நடந்ததை மட்டுமாவது எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.

அன்புடன்,
வைத்தியநாதன்