டெஸ்ட் கேஸ் எண்ணிக்கை கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்ட் லீடுகளுக்கும் ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

"இன்னைக்கு எத்தனை டெஸ்ட் கேஸ் எழுதினீங்க?" என்று தினமும் சாயங்காலம் கேட்கிறீர்களே, அந்தக் கேள்வியைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டெஸ்ட் கேஸ் என்பது மென்பொருளில் எதைச் செய்து பார்க்க வேண்டும், என்ன விளைவு வர வேண்டும் என்று எழுதிவைக்கும் குறிப்பு. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். ஒரே லாகின் திரையை நாற்பது வரிகளாக்கி எக்செல்லில் நிரப்புவது பெரிய வேலையே இல்லை, ஆனால் அந்த நாற்பதையும் வைத்துக்கொண்டு பின்னால் திண்டாடப்போவது வேறு யாரோ ஒருவர்.

நானே திண்டாடியிருக்கிறேன். ஒரு ரிலீஸுக்கு, அதாவது மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுவதற்கு, முந்தின இரவு, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவர் எழுதிய டெஸ்ட் கேஸ்களை ஆளுக்கொரு பிரவுசரில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒன்று: "தவறான பாஸ்வேர்டு கொடுத்துப் பார்க்கவும். எதிர்பார்க்கும் விளைவு: சிஸ்டம் சரியாக நடந்துகொள்ள வேண்டும்." நான் ஒருமுறை தவறாக அடித்தேன், பிழைச் செய்தி வந்தது, பாஸ் போட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஆறு முறை அடித்துப் பார்த்துவிட்டு, கணக்கு பூட்டப்படவே இல்லையே என்று ஃபெயில் போட்டார். யார் சொல்வது சரி? எழுதியவரைத்தான் கேட்க வேண்டும், அவரோ இல்லை. "சரியாக" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நள்ளிரவில் ஒரு மணி நேரம் வாதாடினோம்.

அதையே இப்படி எழுதியிருக்கலாம். கணக்கு செயலில் இருக்க வேண்டும், முன்பு தவறான முயற்சி எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது. தவறான பாஸ்வேர்டை ஐந்து முறை கொடுக்கவும். ஐந்தாவது முறை, கணக்கு பூட்டப்பட்டதாகச் செய்தி வர வேண்டும். அப்புறம் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் உள்ளே விடக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் உயிர், ஏனென்றால் திரையில் செய்தியைக் காட்டிவிட்டு உள்ளே கணக்கைப் பூட்டாமலே விட்டுவிடும் பிழை ரொம்ப சாதாரணமாக வரும். நான்கு முறை தவறு, ஐந்தாவது சரி என்றால் உள்ளே விட வேண்டும். அது தனி டெஸ்ட் கேஸ்.

பிழைகள் எல்லைகளில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். பாஸ்வேர்டு 8 முதல் 16 எழுத்து வரை என்றால் 7, 8, 16, 17 என்ற நான்கும் போதும், நடுவில் 10, 11, 12 என்று வரிசையாக எழுதுவதால் எண்ணிக்கைதான் ஏறும். எந்த மதிப்பைக் கொடுத்துச் சோதிக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டைப் பாருங்கள். 1996 ஜூன் 4 அன்று கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெடித்துச் சிதறியது. அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஒரு மதிப்பு, மென்பொருள் அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அந்தப் பாகத்தைப் புதிய ராக்கெட்டின் பாதைக்குரிய தரவோடு யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

இதற்காக ஒவ்வொரு கிளிக்கையும், பட்டனின் நிறத்தையும் எழுதச் சொல்லாதீர்கள். திரை கொஞ்சம் மாறினாலும் அத்தனையையும் திருத்த வேண்டிவரும், திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. தொடக்க நிலை, கொடுக்கும் தரவு, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விளைவு, இவை மூன்றிலும் மட்டும் கறாராக இருங்கள். ஒரு டெஸ்ட் கேஸ் ஒரு விஷயத்தை மட்டுமே சோதிக்கட்டும். பன்னிரண்டு படிகளில் மூன்றாவது விழுந்தால் மிச்ச ஒன்பதும் என்ன ஆயின என்றே தெரியாது.

அடுத்த ரிலீஸுக்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஏதாவது பத்து டெஸ்ட் கேஸை எடுத்து, டீமில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்து, எழுதியவரை அவர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காரச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் எந்த வரியில் நின்று "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று திரும்பிப் பார்க்கிறாரோ, எழுதியவர் அந்த வரியைக் குறித்துக்கொள்ளட்டும். அன்று சாயங்காலம் எத்தனை எழுதினீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, குறித்தவற்றில் எத்தனையைத் திருத்தினீர்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீமில் இருக்கும் ஒரு டெஸ்டர்