பச்சை விளக்கு வரும்வரை

பெரம்பூர்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. எண்ணூர் வீட்டுக்குக் கார் வந்துவிட்டதும் நல்ல செய்தி. அதைவிட எனக்குப் பிடித்தது, டேஷ்போர்டில் ஆறு சிடியை உள்ளே வைத்து மாற்றி மாற்றிப் பாடும் பழைய சிடி சேஞ்சர் கழற்றப்படாமல் அப்படியே இருக்கிறது என்று நீ எழுதியதுதான். பெரியவன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டச் ஸ்கிரீன் மாட்டலாம் என்கிறானாம். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல். மூன்றாம் எண் சிடி வெளியே வராமல் மாட்டிக்கொண்டது, பாட்டு நடுவில் நிற்பது என்று நீ எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் செட் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. சிடி போடும் அவசரத்தில்தான் கோளாறு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானமாகிவிடும். ஆறு மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நீ 'லோட்' பட்டனை அழுத்தியதும் எந்தத் தட்டு காலி என்று பார்த்து, அதை முகப்பு வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். அதற்குச் சில வினாடி பிடிக்கும். ஒரு 'டக்', பிறகு 'ஸ்ர்ர்' என்று மோட்டார் ஓடும் சத்தம், மறுபடி ஒரு 'டக்'. அந்த இரண்டாவது 'டக்'குக்குப் பிறகுதான் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கு பச்சையாகும். அதற்கு முன்னால் தள்ளினால் தட்டு பாதி வழியில் இருக்கும்போது சிடி போய் இடிக்கும். இல்லையென்றால் ஏற்கெனவே ஒரு சிடி படுத்திருக்கும் தட்டில் இரண்டாவதும் ஏறிவிடும். ஜாம் ஆன சேஞ்சர்களைத் திறந்தால் பெரும்பாலும் இந்த இரட்டைச் சிடிதான் கிடைக்கும்.

ஆகவே செய்முறை இதுதான். 'லோட்' பட்டனை ஒருமுறை தட்டு. பச்சை விளக்கு வரட்டும். எழுத்து இருக்கும் பக்கம் மேலே பார்க்க, சிடியைப் பாதிவரை நுழைத்தால் போதும், மீதியை ரப்பர் உருளை தானே இழுத்துக்கொள்ளும். முழுக்கக் கையால் அமுக்காதே. ஆறையும் ஒரே மூச்சில் போட வேண்டுமானால் 'லோட்' பட்டனை பீப் சத்தம் வரும்வரை அழுத்திப் பிடி. ஒவ்வொரு சிடிக்கும் விளக்கு மறுபடி பச்சையாகும்வரை காத்திருக்க வேண்டும். 'எஜெக்ட்' பட்டனும் இதே மாதிரிதான்: தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் எல்லாம் வரிசையாக வெளியே வரும். வெளியே வந்த சிடியை உடனே எடுத்துவிடு. எடுக்காமல் விட்டால் பல செட்டுகள் சில வினாடியில் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கும் நேரத்தில் நீ வெளியே பிடித்து இழுத்தால் உருளை தேயும்.

எந்தச் சிடி போடக்கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவை. மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டிய சிடி கூடவே கூடாது. சித்திரை வெயிலில் பசை இளகி ஓரம் பெயர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் கொடுக்கும் இதய வடிவச் சிடி, 8 செ.மீ. குட்டிச் சிடி இரண்டும் ஆகாது. குட்டிச் சிடிக்கு வளையம் மாட்டிப் போட்டாலும் வளையம் உள்ளேயே கழன்றுகொள்ளும்.

இப்போது உன்னிடம் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த மூன்றாம் எண் சிடிக்கு வருகிறேன். கத்தி, ஸ்கேல், இடுக்கி எதையும் வாயில் விடாதே. வண்டியை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் விட்டு, சாவியை 'ஏசிசி'யில் (எஞ்சின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்யும் நிலை) வைத்து 'எஜெக்ட்' பட்டனை அழுத்திப் பிடித்துப் பார். வரவில்லையென்றால் ஆடியோ ஃப்யூஸைப் பத்து நிமிடம் கழற்றிவிட்டு மறுபடி சொருகு. கரண்ட் திரும்பியதும் செட் ஒவ்வொரு தட்டாக மேலும் கீழும் ஓட்டி, எதில் சிடி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும். அந்தச் சத்தம் நிற்கும்வரை எந்தப் பட்டனையும் தொடாதே. ஒரு எச்சரிக்கை: ஃப்யூஸோ பேட்டரியோ கழற்றுவதற்கு முன்னால், செட்டுக்குத் திருட்டுத் தடுப்பு கோட் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள். கோட் உள்ள செட் கரண்ட் போய் வந்ததும் எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டே போனால் பூட்டிக்கொள்ளும். அந்தக் கோட் அட்டை கையேட்டுப் பையிலோ கிளவ் பாக்ஸிலோ கிடக்கும், தேடு.

அடுத்தது, பாட்டு நடுவில் நிற்பது. சிடியில் முதல் பாட்டு நடு ஓட்டைக்குப் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. லேசர் உள்ளிருந்து வெளியே போகும். பாட்டுப் பட்டியலும் அந்த உள்வட்டத்தில்தான் இருக்கிறது. இது தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. சிடி போட்டதும் எதையும் படிக்காமல் பிழை காட்டினால் உள்வட்டத்தில் அழுக்கு. முதல் பாட்டுகள் சுத்தமாக ஓடி, கடைசி இரண்டு மூன்று மட்டும் குதித்தால் வெளி ஓரத்தில் விரல் ரேகை, அல்லது வெயிலில் சிடி லேசாக வளைந்திருக்கிறது. ஒரே சிடி மட்டும் தகராறு செய்தால் சிடியில் குறை. ஆறும் தகராறு செய்தால் லென்ஸில் குறை.

கீறலை எப்படிப் பார்ப்பது? சிடியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடி. ஊசி முனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால், அது எழுத்துப் பக்கம் பெயர்ந்த இடம். வெள்ளிப் பூச்சு அந்தப் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. அது போனால் பாட்டும் போச்சு, எந்தப் பாலிஷும் உதவாது. பளபளக்கும் பக்கக் கீறல் அப்படியில்லை. அங்கே 1.2 மி.மீ. தடிப்புக்கு வெறும் பிளாஸ்டிக்தான், வெள்ளைப் பற்பசையைத் தொட்டு மெதுவாகத் தேய்த்தாலே பல நேரம் சரியாகும். தேய்க்கும்போதும் துடைக்கும்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத்தான் போக வேண்டும், கிராமபோன் தட்டு மாதிரி வட்டமாக அல்ல. பாட்டு பதிந்த தடத்துக்குக் குறுக்கே விழும் கீறலில் போவது துளித் துளி. செட்டுக்குள் இருக்கும் பிழை திருத்தும் முறை தடத்தின் வழியே சுமார் 2.5 மி.மீ. இழப்பு வரை சரிக்கட்டிவிடும். வட்டமாகத் தேய்த்து வரும் கீறல் தடத்தோடு தடமாக ஓடும், அதை அது தாங்காது.

லென்ஸ் துடைக்கும் பிரஷ் சிடி என்று பர்மா பஜார் பக்கம் விற்பான், வாங்காதே. தட்டுகள் நெருங்கியிருக்கும் சேஞ்சரில் அந்தப் பிரஷ் முடி எதிலாவது மாட்டும். கார்க் கையேடுகளே அதை வேண்டாம் என்று சொல்கின்றன. செட்டைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடு. லென்ஸ் ஒரு மிளகை விடக் கொஞ்சம்தான் பெரிசு, மயிரிழைக் கம்பியில் மிதந்துகொண்டிருக்கும். தூங்கும் குழந்தையின் இமையைத் தொடுகிற அளவுக்குமேல் அழுத்தக்கூடாது.

உன் ஊருக்கென்றே மூன்று சங்கடங்கள் இருக்கின்றன. ஒன்று, எண்ணூர் விரைவுச் சாலைப் பள்ளம். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும்போது சிடி குதித்தால் அது செட்டின் குற்றமில்லை. ஆனால் நல்ல ரோட்டிலும் குதித்தால் உள்ளே அதிர்வு தாங்கும் ரப்பர் தளர்ந்திருக்கும், அல்லது செட்டின் பின்பக்க ஸ்குரூ இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். பின்பக்கப் பிடிமானத்தை முதலில் பார்க்கச் சொல். இரண்டாவது, கடல் காற்று. ஏசியில் குளிர்ந்த செட்டின்மேல் ஈரக்காற்று பட்டால் லென்ஸில் பனி படியும், நல்ல சிடியையும் படிக்காது. ஒரு மணி நேரம் விட்டால் தானே காய்ந்துவிடும். இந்த ஒரு மணி நேரம் பொறுக்காமல் செட்டைக் கழற்றியவர்கள் உண்டு. மூன்றாவது, வெயில். மே மாதம் மத்தியானம் நிறுத்திவைத்த வண்டியில் சூடு அதிகம் என்கிற மாதிரி எழுத்து வந்து சிடி ஓடாமல் நிற்கும். லேசரைக் காப்பாற்றத்தான் அது நிற்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டி ஆறட்டும்.

எம்பி3 சிடியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். செட்டின் முகப்பில் எம்பி3 என்ற எழுத்து இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அது சாதாரண ஆடியோ சிடி மட்டும்தான் படிக்கும். ஆடியோ சிடியாகவே எழுத வேண்டும், அதில் 80 நிமிடம்தான் கொள்ளும். எழுத்து இருந்தும் எடுக்கவில்லையென்றால் பெரியவன் கம்ப்யூட்டரில் எழுதிய விதம்தான் காரணமாக இருக்கும். விண்டோஸ் இரண்டு வழி கேட்கும்: பென் டிரைவ் மாதிரி, அல்லது சிடி பிளேயருக்கு. பென் டிரைவ் மாதிரி எழுதியதைக் கார் செட் படிக்காது. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுபடி அழித்து எழுதும் சிடி வேண்டாம், அதில் ஒளி திரும்புவது குறைவு, பழைய லேசருக்குப் போதாது. பாட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில், முன்னால் 01, 02 என்று போட்டு வைக்கச் சொல். தமிழ் எழுத்து இந்தச் செட்டில் வெறும் கோடாகத்தான் வரும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. 700 எம்பி சிடியில் ஐந்து நிமிடப் பாட்டு 140 வரை போடலாம். ஆறு சிடிக்கு 800 பாட்டுக்கு மேல். பெரியவனிடம் இந்தக் கணக்கைக் காட்டு.

பட்டன்களில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. 1 முதல் 6 வரை உள்ள பட்டன்கள் ரேடியோவில் ஸ்டேஷனுக்கும், சிடியில் தட்டு எண்ணுக்கும். சில செட்டில் தட்டு மாற்றத் தனி ஏற்ற இறக்கப் பட்டன் இருக்கும். பின்னால் போகும் பட்டனை ஒருமுறை தட்டினால் இதே பாட்டின் ஆரம்பம், இருமுறை தட்டினால் முந்தைய பாட்டு. ரிபீட், ரேண்டம் இரண்டையும் தட்டினால் ஒரு கணக்கு, அழுத்திப் பிடித்தால் வேறு கணக்கு. ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்றாயே, தெரியாமல் ரிபீட் தட்டியிருக்கிறது.

சத்தத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் நல்ல ஸ்பீக்கரைக் கிழிக்கிறார்கள். பாஸ், ட்ரெபிள் இரண்டையும் முதலில் பூஜ்ஜியத்தில் வை. பாஸை முழுக்க ஏற்றிவிட்டு வால்யூமையும் ஏற்றினால் செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் சக்தி தீர்ந்துபோய் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். அந்தக் கரகரப்புதான் ஸ்பீக்கர் காயிலைச் சுடுகிறது. முகப்பில் '50 வாட் x 4' என்று போட்டிருக்கும், நம்பாதே. அது உச்ச அளவு. தொடர்ந்து தருவது அதில் பாதிகூட இராது. எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று கண்டுபிடிக்க ஃபேடரை முழுக்க முன்னால், பேலன்ஸை முழுக்க இடது பக்கம் கொண்டுபோ. ஒரே ஒரு கதவு மட்டும் பாடும். இப்படி நான்கு மூலையையும் கேள். தனித்தனியாக நன்றாகப் பாடி, இடதும் வலதும் சேர்ந்து ஓடும்போது மட்டும் பாஸ் குறைந்து மெலிசாகக் கேட்டால் ஒன்றின் வயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். 1.5 வோல்ட் பென் டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டால் தெரியும்: செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் வைத்தால் காகிதக் கூம்பு வெளியே தள்ள வேண்டும்.

ரேடியோவில் 101.4ஐயும் 106.4ஐயும் சுத்தமாகப் பிடிக்கிறதா என்று பார். பிடிக்காமல் 101.3, 101.5 என்று ஒற்றைப்படையாகத் தாவினால் அது அமெரிக்க அளவில் வைத்த செட், மெனுவில் ஏரியாவை மாற்ற வேண்டும். 90க்கு மேல் போகவே இல்லையென்றால் ஜப்பானுக்காகச் செய்த செட், அங்கே எஃப்எம் 76இல் ஆரம்பிக்கிறது. நாட்டிலேயே முதல் எஃப்எம் 1977இல் நம் மெட்ராஸில்தான் வந்தது, அதைக் கேட்க முடியாத செட் நம் வண்டியில் இருக்கக்கூடாது.

மச்சான் தன் வண்டிக்கு டிக்கியில் வைக்கும் பழைய சேஞ்சர் வாங்கப் புதுப்பேட்டை போகிறார் என்று எழுதியிருந்தாய். அவரிடம் சில விஷயம் சொல். பக்கவாட்டில் படுக்கை, நிமிர்வு என்று கோணம் மாற்றும் திருகு இருக்கும், பொருத்தும் விதத்துக்குத் தக்கபடி வைக்காவிட்டால் நல்ல ரோட்டிலும் குதிக்கும். அனுப்பும்போது உள்ளே ஆடாமலிருக்கப் போட்ட ஸ்குரூக்களைக் கழற்றாமல் மாட்டக்கூடாது. சிடி வைக்கும் மேகசின் கூடவே வாங்க வேண்டும், தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். எழுத்து மேலேயா கீழேயா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேகசினிலேயே படம் இருக்கும். டிக்கி தரையில் வைக்காமல் பக்கச் சுவரில் உயரமாகப் பொருத்தட்டும், கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர் டிக்கிக்குள் முதலில் தரையைத்தான் தொடும். வாங்குமுன் மூடியைக் கழற்றச் சொல்லி, அடித்தகட்டின் மூலையில் காய்ந்த வண்டல் கோடு இருக்கிறதா என்று பார்க்கட்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ன வண்டிகளின் சாமான் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசியாகப் பெரியவனின் ஆசைக்கு ஒரு வழி. போன் பாட்டுதான் வேண்டுமென்றால் செட்டின் பின்னால் வெளி சேஞ்சருக்கான சாக்கெட் இருக்கிறதா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல். இருந்தால் அதில் சொருகும் புளூடூத் பெட்டி கிடைக்கும். செட் அதை இன்னொரு சேஞ்சர் என்று நினைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஆறு சிடியும் அப்படியே ஓடும். செட்டின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும், சாக்கெட் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

மூன்றாம் தட்டுச் சிடி வெளியே வந்ததா என்று எழுது. வராவிட்டால் டிஸ்ப்ளேயில் என்ன எழுத்து, என்ன எண் வருகிறதோ அதை அப்படியே எழுதி அனுப்பு, எண்ணைப் பார்த்தால்தான் சிடியா செட்டா என்று சொல்ல முடியும். தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பெரம்பூர்க்காரன்